கடிதம் வரவில்லை

பிப்ரவரி 9

அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் பதினோரு மணி நேரம். கடைசி மூன்று மணி நேரம் என்னோடு வந்தவர்கள் ஒரு டிரைவரும் கூண்டுக்குள் நாலு கோழியும்தான்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். இங்கே தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்றால்தான் சிக்னல். அங்கே எந்நேரமும் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நாம் இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுகிறோம். எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தப் பக்கத்திலேயே மூன்று இடத்தில் அடித்திருக்கிறேன், பாருங்கள்.

நாற்பது கட்டில் உள்ள ஆஸ்பத்திரி. வாசலில் மருத்துவர்கள் பெயர்ப் பலகை இருக்கிறது. ஆறு பெயருக்கு இடம். நாலு பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். வெளிநாடு போனவர்கள் மூன்று பேர், தலைநகர் போனவர் ஒருவர். ஐந்தாவது பெயர் பெரிய டாக்டருடையது. வயது அறுபத்தேழு. இரண்டு முறை ஓய்வு பெற்று, இரண்டு முறையும் ஆளில்லை என்று திரும்பக் கூப்பிடப்பட்டவர். ஆறாவது நான். என் பெயருக்குப் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள்.

“இதை யாரும்மா போடச் சொன்னது?” என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“மருத்துவக் கவுன்சில் சார். வெளிநாட்டுல படிச்சவங்க ஒரு வருஷம் இந்த மாதிரி ஊர்ல வேலை பார்த்தாத்தான் நிரந்தரப் பதிவு.”

“அவங்களுக்கு வேற வேலை இல்ல” என்றார். என் மாமியார் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை.

கிளம்பிய அன்று காலையில் வாசலில் நின்று நீங்கள் சொன்னதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். “ஊர் பேர் தெரியாத காலேஜ்ல படிச்சா, ஊர் பேர் தெரியாத இடத்துலதான் வேலை.” அந்தக் கல்லூரிக்கு மூன்று முறை விமானம் மாறிப் போய், அந்த மொழியை முதல் எழுத்திலிருந்து கற்று, ஆறு வருடம் படித்தேன் அத்தை. அதற்கும் ஊர் உண்டு, பேர் உண்டு.

உங்கள் பிள்ளை வெளிநாட்டிலிருந்து எனக்குப் போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. உங்களோடு பேசினாரா?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 22

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர பதினோரு நாள். நீ போன வேகத்தில் மணிக்கு ஒரு நாள் கணக்கு.

வாசலில் சொன்னேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. முப்பத்து நாலு வருடம் பதிவுப் பிரிவில் கவுண்டரில் உட்கார்ந்த வாய் இது. வருகிறவர்களை எல்லாம் “இந்தத் தாள் எங்கே, அந்த முத்திரை எங்கே” என்று கேட்டுக் கேட்டே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மூட மறுக்கிறது.

உன் அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். சாத்தியிருந்தால் உள்ளே நீ தூங்குவது மாதிரி இருக்கிறது. திறந்தால் கட்டில் தெரிகிறது. போன வாரம் அடுப்பில் பால் கருகிப் புகைந்து, எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த அறையில்தான் இருந்தேன். வாசனையே தெரியவில்லை. ஜலதோஷமாக இருக்கும்.

ஆபீஸில் இது வருடாந்திர அட்டவணை மாதம். நாட்டில் உரிமம் உள்ள டாக்டர்கள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்று பதிவாளர் ஐயா பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். போன வருடத்தைவிட முன்னூறு பேர் அதிகமாம். அந்த ஒன்பதாயிரத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பெயரை நீக்க வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு அந்த ஞாபகம் வரும்? வெளிநாடு போனவர்களோ, திரும்பி வந்தால் தேவைப்படும் என்று வருடம் தவறாமல் பதிவைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். இவர்களைப் பென்சிலில் கழித்துப் பார்த்தால், இன்று காலை எழுந்து நோயாளி முகத்தில் விழித்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம்தான். அதிலும் நாலில் ஒருவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெண்கள் முதல்முறையாகப் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். உன்னைப்போல் வெளியே படித்துவிட்டு வந்தவர்கள், நான் வேலைக்குச் சேர்ந்தபோது முப்பதில் ஒருவர். இப்போது ஆறில் ஒருவர். ஆகவே உன் கல்லூரியைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். புள்ளிவிவரப்படி.

அவன் ஞாயிற்றுக்கிழமை பேசினான். உன்னை விசாரித்தான். வேலை அதிகமாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அத்தை


ஏப்ரல் 6

அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே ஒரு நாளைக்கு நூற்றுநாற்பது பேரைப் பார்க்கிறோம். பெரிய டாக்டர் எண்பது, நான் அறுபது. முதல் மாதம் எனக்கு இருபதுகூட வரவில்லை. ஒரு பெரியவர் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, நான் ரத்த அழுத்தம் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாகக் கை நீட்டியிருந்தார். அப்புறம், “நீ நல்லாத்தான் பாக்குற தாயி. உண்மையான டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்டார். போன வாரம் அவரே தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு என் வரிசையில் வந்து நின்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை. நர்ஸிடம் சொன்னேன். அவர் ஊசி எண்ணிக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் எழுதப்போவதை நாலு நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டுவிட்டேன்.

அவரிடமிருந்து செய்தி வந்தது. தொட்டிப் படியில் நின்று படித்தேன். எனக்குப் பின்னால் ஒருவர் மாடு விற்கிற விஷயமாகப் பேசக் காத்துக்கொண்டிருந்தார். பிரிந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார். கோபமாக இல்லை, மரியாதையாகவே எழுதியிருக்கிறார். அதுதான் தாங்கவில்லை. “என் ஆஸ்பத்திரியில் உனக்காக ஓர் இடத்தை எட்டு மாதம் பிடித்து வைத்திருந்தேன். உன் நாட்டில் பதிவான டாக்டர் என்று ஒரே ஒரு தாள் கேட்டார்கள்; தற்காலிகப் பதிவானாலும் போதும். அதை வாங்க எட்டு மாதமா? உனக்கு வர மனமில்லை என்று நானே புரிந்துகொண்டேன்” என்று இருக்கிறது. அங்கே அவர் வாழ்க்கையில் வேறொருவர் இருக்கிறார் என்பதும் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் என் கல்லூரிக்காரி ஒருத்தி இருக்கிறாள். எனக்கு நாலு நாள் பின்னால் விண்ணப்பித்தவள். அவளுக்கு ஏழு வாரத்தில் பதிவு கிடைத்துவிட்டது. அதே கல்லூரி, அதே பட்டம்.

அத்தை, அந்த எட்டு மாதமும் என் கோப்பு எங்கே இருந்தது?


ஏப்ரல் 21

மருமகளுக்கு,

மேற்படி விஷயமாக. வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தந்தக் கல்லூரியிலிருந்து உறுதிக் கடிதம் நேரடியாக வர வேண்டும். வந்த பிறகு கோப்பு கமிட்டிக்குப் போகும். கமிட்டி மாதம் ஒரு முறை கூடும். சில மாதம் கூடுவதில்லை. ஒருவருக்குச் சீக்கிரம் வரும், ஒருவருக்குத் தாமதமாகும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

அவனை நான் கண்டித்தேன். “அம்மா, இதுல நீ தலையிடாதே” என்று போனை வைத்துவிட்டான். அவனைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் பெற்றவன்.

ஆபீஸில் என் எழுத்து பொடியாகிவிட்டது, படிக்க முடியவில்லை என்கிறார்கள். கண்ணாடியை மாற்றுங்கள் என்று அவர்களுக்குச் சொன்னேன். ரவிக்கைப் பொத்தான் போடுவதற்குள் பஸ் போய்விடுகிறது. வயதாகிறது, வேறென்ன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


மே 4

அத்தைக்கு,

கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன். எனக்கும் என் தோழிக்குமான இரண்டு உறுதிக் கடிதங்களையும் ஒரே உறையில் வைத்து அனுப்பியதாகப் பதில் வந்திருக்கிறது. உறை உங்கள் ஆபீஸுக்கு வந்த தேதியும் தபால் ரசீதில் இருக்கிறது.

நான் மறுபடி கேட்க மாட்டேன்.


ஜூன் 7

மருமகளுக்கு,

ஒரு மாதமாகத் தினமும் எழுதிக் கிழித்துப்போடுகிறேன். இன்று கிழிக்கப்போவதில்லை.

உறை வந்த அன்று நான்தான் பிரித்தேன். இரண்டு கடிதம். உன் தோழியின் கடிதத்தை அவள் கோப்பில் வைத்து மேலே அனுப்பினேன். உன்னுடையதை உன் கோப்பில் வைத்தேன். சொந்தக்காரர் கோப்பை நான் தொடவே கூடாது. வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மேலட்டையில் ‘கடிதம் வரவில்லை’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டி, இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

நீ தினமும் சாயங்காலம் பதிவு இல்லாததால் கிளினிக்கில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பாய்: “அத்தை, லெட்டர் வந்துதா?” “இன்னும் வரலம்மா” என்பேன். நீ முகம் கழுவிக்கொண்டு வருவாய். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசிச் சிரிப்போம். அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் செய்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. உன் மேல் பொறாமையோ வெறுப்போ இல்லை. நீயும் போய்விட்டால் அந்த மேசையில் நான் தனியாக உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

வெளிநாடு போகிற டாக்டர்கள் எங்களிடம் ஒரு நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொண்டுதான் போவார்கள். இவர்மேல் இங்கே ஒரு புகாரும் இல்லை என்று ஒரு தாள். அந்தத் தாளைத் தயார் செய்கிற மேசை பதினாறு வருடமாக என்னுடையது. ஒருவர் கிளம்பப்போகிறார் என்பது அவர் பெண்டாட்டிக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரியும். போன வருடம் மட்டும் அறுநூற்றுப் பதினொரு தாள். என் பிள்ளையின் தாளை ஒரே நாளில் முடித்துப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவன் போன பிறகுதான் அந்தத் தாள் என்ன என்று எனக்குப் புரிந்தது.

முதலில் ஒரு மாதம் என்றுதான் வைத்தேன். அவன் லீவில் வரட்டும், அதுவரை என்று. அவன் வரவில்லை. ஒவ்வொரு கமிட்டி முடிந்ததும், அடுத்த கமிட்டிக்கு அனுப்பிவிடலாம் என்பேன். எட்டாவது மாதம் நீ குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது கேட்டது. மறுநாள் அனுப்பினேன். அதற்குள் அவன் பிடித்து வைத்திருந்த இடம் போய்விட்டது. நீ இந்தத் தூரத்துக்குப் போனாய். நான் யாரைப் பிடித்து வைக்க நினைத்தேனோ அவளும் இல்லை. அவனும் இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நடந்தது இது. பதிவாளரிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன்.

அத்தை என்று கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை.


செப்டம்பர் 15

பெரிய டாக்டர் ஜூலையில் வார்டிலேயே மயங்கி விழுந்தார். மூன்றாவது முறையாக ஓய்வு பெற்றுவிட்டார். பலகையில் இன்னொரு வெள்ளைத்தாள். இரண்டு மாதமாக நாற்பது கட்டிலுக்கும் நான் ஒருத்திதான். அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் பொய். எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. அறுத்து எடுக்க எனக்குத் தெரியும். மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினேன். பாதி வழியில் போய்விட்டாள். அவள் புருஷன் திரும்பி வந்து என்னிடம் சண்டை போடவில்லை. “நீங்க என்ன பண்ணுவீங்க, நீங்க ஒருத்தர்தானே” என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உங்கள்மேல் உண்மையான கோபம் வந்தது. கல்யாணம் போனதற்காக அல்ல. அது எப்படியும் போயிருக்கலாம். எட்டு மாதம் நான் டாக்டராக இருந்திருக்கலாம். டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாட்டில் ஆள் இல்லை என்று பென்சிலில் கணக்குப் போட்ட நீங்களே ஓர் ஆளைப் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள்.

நான் மன்னிக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே இருப்பதைப் படியுங்கள்.

நேற்று உங்கள் கடிதங்களைத் தூக்கிப்போட எடுத்தேன். தேதிப்படி மேசையில் கிடந்தன. பிப்ரவரியில் ஒரு வரிக்கு எட்டு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் பத்து. ஜூனில் பதின்மூன்று. அதிலும் ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி, கடைசியில் எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. பால் கருகியது தெரியவில்லை என்கிறீர்கள். பொத்தான் போட நேரமாகிறது என்கிறீர்கள். நான் கிளம்பிய அன்று வாசலுக்கு நடந்து வந்தபோது உங்கள் இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது. கோபத்தில் கவனித்தும் கவனிக்காமல் வந்துவிட்டேன்.

இது வயதால் வருவதில்லை. நரம்பு டாக்டரிடம் போக வேண்டும். நடுக்கவாதமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பல வருடம் நன்றாக இருக்கலாம். தனியாக வழுக்கும் தரையில் நடக்காதீர்கள். இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.


அக்டோபர் 5

மருமகளுக்கு,

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். முதல் பாதி. பிரசவத்துக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்க நினைத்தேன்; கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இரண்டாவது பாதி. நரம்பு டாக்டரைத் தேட எனக்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. பதிவேட்டை எடுத்தேன். நாடு முழுக்க நரம்பு வைத்தியர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். ஒருவர் இறுதிச் சடங்குக்கே நான் போயிருந்தேன். மூன்று பேர் வெளிநாட்டில். அந்த மூன்று பேருடைய சான்றும் என் கையால் போனது. ஒருவர் தாளை வாங்கும்போது, “ரொம்ப நன்றிங்கம்மா, உங்களுக்கு ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்றார். இப்போது வேண்டும். எங்கே போய்ச் சொல்ல? மிச்சம் நாலு. ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது, பாதி நாள் அவரே நோயாளி. ஒருவர் வேறு மூலையில். மற்ற இரண்டு பேரிடமும் கேட்டேன். முதலில் கிடைக்கிற தேதி பிப்ரவரி 17 என்றார்கள்.

“நாலு மாசமா?” என்றேன், தேதி சொன்ன பெண்ணிடம்.

“டாக்டருங்க இல்லம்மா. எல்லாரும் வெளிநாடு போயிடுறாங்க. அந்தச் சர்டிஃபிகேட்ட கொடுக்கறவங்களச் சொல்லணும்” என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவனிடம் சொன்னேன். “வயசானா கை அப்படித்தான்மா இருக்கும். அவ எதையாவது சொல்லிப் பயமுறுத்துவா” என்றான். அவனும் டாக்டர்தான். நீ தாளில் பார்த்ததை அவன் வீடியோவில் பார்க்கவில்லை.

ஜனவரி 31 எனக்கு ஓய்வு. அதுவரை ஆபீஸ் உண்டு. அதற்குப் பிறகு என்ன என்று யோசிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். குளியலறையில் சாக்குப் போட்டிருக்கிறேன்.

அத்தை


ஜனவரி 12

அத்தைக்கு,

இரண்டு புது டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் பெண்கள். இரண்டு பேரும் வெளியே படித்தவர்கள். பலகையில் இரண்டு புது அடைப்புக்குறிகள். என்னுடையது அடுத்த மாதம் போகிறது. நிரந்தரப் பதிவு உத்தரவு வந்துவிட்டது. அந்தப் பெரியவர் புதியவளிடம் போய், “உண்மையான டாக்டர் எங்க?” என்று கேட்டு, என் அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

இதோடு ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நன்னடத்தைச் சான்றுக்கு. மயக்க மருந்துப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவர் இருக்கிற நாடு இல்லை. இங்கே அந்தப் படிப்புக்கு வருடத்துக்கு இரண்டே இடம், பன்னிரண்டு வருடத்துக்கு வரிசை நிற்கிறது. அந்த ஆம்புலன்ஸுக்குப் பிறகு வேறு எதுவும் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

முடித்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று எழுத மாட்டேன். எல்லாரும் உங்கள் கவுண்டரில் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

சான்று பிப்ரவரி பத்துக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். உங்கள் மேசைக்குத்தான் வரும் என்று தெரிந்தே அனுப்புகிறேன். எத்தனை நாள் ஆகும்?


ஜனவரி 30

மருமகளுக்கு,

விண்ணப்பம் 24ஆம் தேதி காலை பத்தரைக்கு வந்தது. சொந்தக்காரர் கோப்பு என்று எழுதி, சூப்பிரண்டிடம் கொடுத்தேன். அவர் அன்றே கையெழுத்துப் போட்டார். மூன்றரைக்குத் தபாலில் சேர்த்து ரசீது வாங்கினேன். ரசீது இதோடு இருக்கிறது. ஐந்து மணி நேரம்.

சான்று வழங்கல் புத்தகத்தில் உன் பெயரை எழுதுவது மட்டும் வழக்கப்படி என் வேலை. ஒரு வரிதான். இருபது நிமிடம் ஆனது. பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக எழுதினேன். பக்கத்து மேசைக்காரி, “நான் எழுதட்டுமாக்கா?” என்றாள். வேண்டாம் என்றேன்.

நாளை கடைசி நாள். மாலை போட்டுப் பேசுவார்கள். 17ஆம் தேதி நானே ஆட்டோ பிடித்துப் போய்வந்துவிடுவேன். நீ கவலைப்பட வேண்டாம். கவலைப்படுகிறாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

அத்தை


பிப்ரவரி 10

சான்று போய்ச் சேர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

என் விமானம் 19ஆம் தேதி, தலைநகரிலிருந்து. 16ஆம் தேதி சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவேன். என் அறைக் கதவைத் திறந்து காற்றாட வையுங்கள். 17 காலை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.


ஏப்ரல் 12

மருமகளுக்கு,

உன் புது விலாசத்துக்கு இது என் முதல் கடிதம். ஐம்பது நாளாக எழுதவில்லை. நீ முதலில் எழுதுவாய் என்று காத்திருந்தேன் என்று நினைக்காதே. காத்திருந்தேன்தான்.

மாத்திரை வேலை செய்கிறது. பொத்தான் போட முடிகிறது. இந்த வரிகளை நீ எண்ணிப் பார்ப்பாய் என்று தெரியும். எண்ணிக்கொள், ஒன்பதுக்கு மேல் போகாது. நீ பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தாள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். நீ அங்கேதான் இருந்தாய், உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே கூப்பிட்டதும் நான் எழுந்திருக்க முடியாமல் தடுமாறினேன். நீ கை கொடுத்தாய். உட்கார்ந்த உடனே விட்டுவிட்டாய்.

அந்த டாக்டர் தலை நிமிராமல், “கூட வந்திருக்கறது யாரு? பொண்ணா?” என்று கேட்டார்.

“இல்ல சார்” என்றாய்.

“மருமகளா?”

நீ பையைத் திறந்தாய். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் இவங்க டாக்டர்” என்றாய்.

மருமகள் என்று நீ சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நம் வீட்டில் “லெட்டர் வந்துதா” என்று கேட்ட குரல் இல்லை அது. அவர் உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லுங்க டாக்டர்” என்றார். பையிலிருந்து என் கடிதங்களை எடுத்து அவர் மேசையில் தேதி வரிசையில் பரப்பினாய். ஜூன் கடிதம் அதில் இருந்தது. அவர் படித்துவிடுவாரே என்று நினைத்தேன். படித்தால் படிக்கட்டும், அதுவும் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

நீ அந்தக் கடிதத்தை மட்டும் மூன்றாக மடித்து வைத்தாய். அடியில் இரண்டு வரி மட்டும் தெரிந்தது. எழுத்தின் அளவு தெரியும், விஷயம் தெரியாது. அவர் விரித்துப் பார்க்கக் கை நீட்டியபோது, “இது போதும் சார்” என்று உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாய்.

விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்றாய். வரவில்லை. உன் அறைக் கதவு இப்போது திறந்தே இருக்கிறது. ஆபீஸ் இல்லாத பகல் எவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது. எதிர்வீட்டுக்காரி நாலு மணிக்கு வருவாள், நாலரைக்குப் போய்விடுவாள்.

நீ பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாலை மாத்திரை ஐந்துக்கா ஆறுக்கா என்று மட்டும் ஒரு வரி எழுது. தாளில் இருக்கிறது. இருந்தாலும் எழுது.

அத்தை